காணாமல் போன கடல்

கடலைக் காணோம்.

பூட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கரை இருந்தது. கரையில் ஒருக்களித்துக் கிடக்கும் படகுகள் இருந்தன. உப்பு வாசனைகூடப் பலமாக இருந்தது. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளவென்று சேறு.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் துண்டு கட்டிய நிலையில் அவர் மனைவி நின்றிருந்தாள்.

"அவிழ்க்கட்டுமாங்க?"

"இரு, இரு! இன்னும் வரலை."

"எது வரலை?"

"இடம் வரலைன்னு சொன்னேன்."

இந்த ஒரு நிமிஷத்துக்காக மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாளை எதுவுமே அசைத்ததில்லை. மலைக்குக் கூட்டிப் போனார், அருவியைக் காட்டினார். ஊரே கைவிட்ட இரும்புப் பெட்டியை ஒற்றைக் கம்பியால் திறந்து காட்டினார். "ம், நல்லாத்தான் இருக்கு. சாப்பிட வர்றீங்களா?" என்றாள். ஒரே ஒரு தடவை இவள் வாயடைத்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்குக் கடலை விட்டால் வேறு வழியில்லை. இருவருமே கடலைப் பார்த்ததில்லை.

ஹோட்டல் வேண்டாம், ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கி அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடலாம் என்று ஒரு படகுக்காரியின் வீட்டில் அறை பிடித்தார். நேற்று மதியம் பஸ் கடற்கரைச் சாலையில் திரும்பும் முன்பே ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அறைக்குள் நுழைந்ததும் கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டார். தானும் எட்டிப் பார்க்கவில்லை. "பார்த்தா முழுசாப் பார்க்கணும், அரைகுறையா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பயணக் களைப்பில் படுத்தவர், இன்று காலையில்தான் எழுந்தார்.

அவ்வளவு பத்திரமாகப் பொத்தி வைத்த கடல், இப்போது எங்கேயோ கிளம்பிப் போய்விட்டது. கடல் தினமும் உள்வாங்கித் திரும்பும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவர் ஊர் ஏரியும் குளமும் வைத்த இடத்தில் இருப்பவை.

அது வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று சேற்றில் இறங்கினார்.

"கொஞ்சம் நடக்கணும்மா."

"தரை ஏங்க இப்படிக் கொழகொழன்னு இருக்கு?"

"கடற்கரை மணல் அப்படித்தான் இருக்கும்."

"என் செருப்பு போச்சு!"

குனிந்து துழாவினார். அவளுடைய இன்னொரு செருப்பும் போயிற்று. அதைத் தேடியதில் அவருடையதும் போயிற்று.

"சரி, முதுகுல ஏறிக்கோ."

"எனக்கு என்ன வயசுன்னு நினைச்சீங்க? பேரன் எடுத்தாச்சு!"

"ஏறுன்னா ஏறேன்!"

ஏறினாள். இரண்டு ஆள் பாரத்தையும் அவர் கால்களே தாங்க வேண்டியதாயிற்று. தாங்கவில்லை. முழங்கால் வரைக்கும் உள்ளே இறங்கினார். ஒரு காலை உருவினால் மற்றது இன்னும் ஆழமாகப் போயிற்று.

"ஏன் நின்னுட்டீங்க?"

"காட்சியை ரசிக்கிறேன்."

"என்ன காட்சி?"

"சொன்னா சுவாரசியம் போயிடும்."

கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு மானத்தைக் காற்றில் விட்டு, "யாராவது வாங்களேன்!" என்று கத்தினார்.

தூரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த படகுக்காரி வந்தாள். நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் சேற்றை உந்தி, சறுக்கிக்கொண்டே வந்து நின்றாள்.

"இங்க என்ன பண்றீங்க அண்ணே?"

"கடலைத் தேடி வந்தேன்," என்று கிசுகிசுத்தார் பூட்டுக்காரர். "மெதுவாப் பேசு. அவளுக்கு இன்னும் காட்டலை."

படகுக்காரி முதுகில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அவளை இறக்கிப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, இவரை அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மனுஷன் அசையவில்லை.

"இதுக்கு மேல இழுத்தா கால் பிசகிடும். தண்ணி வந்தா சேறு இளகும். தானா வெளிய வந்துடுவீங்க."

"தண்ணி எப்ப வரும்?"

"இதோ வந்துகிட்டே இருக்கே!"

பூட்டுக்காரர் நிமிர்ந்தார்.

அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் முதலில். அப்புறம் காதில் ஒரு சத்தம் விழுந்தது. இடியும் இல்லை, காற்றும் இல்லை; அப்படியொன்றை அவர் கேட்டதே இல்லை. சேற்றில் இருந்த சின்னச் சின்னப் பள்ளங்களெல்லாம் ஒவ்வொன்றாக மினுங்க ஆரம்பித்தன. தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல் நாலா பக்கமும் பரவிக்கொண்டு வந்தது. அதில் மேகத்தோடு சேர்ந்து மொத்த வானமும் வந்தது. கீழே எது, மேலே எது என்று புரியவில்லை. எங்கிருந்தோ ஒரு பறவைக் கூட்டம் எழும்பித் தலைக்கு மேல் போயிற்று. எதிரே தூரத்தில் சேற்றில் செத்துக் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து ஆடத் தொடங்கின.

"அம்மாடியோவ்..." என்றார் பூட்டுக்காரர். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று தன் பாட்டுக்கு இருந்துகொண்டே இருந்திருக்கிறது, நாம் பூட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்ததும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டே சிரித்தார்.

"அவிழ்த்துடும்மா! துண்டை அவிழ்த்துடு! சீக்கிரம்!"

அவள் அவிழ்த்தாள்.

தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. சேறு இளகி, கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கடலிலிருந்து கண்ணைப் பிய்த்தெடுத்து மனைவியைப் பார்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அவள் வாயில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் நிறையத் தண்ணீர். ஒரு வார்த்தை வரவில்லை.

"எப்படி?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினாள்.

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கரைக்குத் திரும்பும்போது அவள் கணுக்கால் தண்ணீரில் முன்னால் நடந்தாள். இவர் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்த படகுக்காரியின் பக்கத்தில் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பார்த்தியாம்மா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அசந்திருப்பாளா? இன்னைக்குப் பேச்சு மூச்சு இல்லை! கடல்னா கடல்தான்!"

படகுக்காரி சிரித்துவிட்டாள்.

"கடலையெல்லாம் அக்கா நேத்து நீங்க தூங்கினப்பவே வந்து பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க அண்ணே. இன்னைக்கு வாயடைச்சுப் போனது உங்க மூஞ்சியைப் பார்த்து!"