மாமனார் லாரிக்கு நான் போட்ட மெருகு

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: உட்கார்ந்திருப்பது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வேளாவேளைக்கு இலை போடுவார்கள். விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள். வீடே வேலை செய்துகொண்டிருக்க, நீங்கள் மட்டும் கொலுப் பொம்மை மாதிரி சிரித்த முகமாக இருக்க வேண்டும். முடியாதவர்கள் எழுந்து ஏதாவது உதவி செய்யப் போவார்கள். குடும்ப வரலாறுகளில் நடந்த பெரிய சேதங்களெல்லாம் இப்படி எழுந்து போனவர்களால் நடந்தவை.

எனக்குத் தை மாதம் கல்யாணம். மாசி மாதம் எழுந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் சோரியாங்குப்பத்தில் பிறந்து வில்லியனூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் படிப்பேன் (பக்கோடா கட்டி வந்ததையும் நீவி விட்டுப் படித்து முடித்த பிறகுதான் பக்கோடா). அதனால் உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஓர் எண்ணம். மாமனாருக்கு மதகடிப்பட்டில் அரிசி மண்டி. மண்டியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்தான் லாரி நின்றது.

லாரி என்று சொன்னால் நீங்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வீர்கள். இது உலகப் போரில் பட்டாளத்தைச் சுமந்து, போர் முடிந்து ஏலத்துக்கு வந்தது. மாமா வாங்கி வந்து அதன் ராணுவத் தோற்றத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். கோயில் வாகனம் செய்கிற தச்சரை வைத்துத் தேக்கில் முன்கூண்டு கட்டினார். கதவு இரண்டிலும் யாளி. யாளியின் வாயில் இருந்து புறப்பட்ட கொடி பின்பக்கம் வரை ஓடி, வால்விளக்கைப் பூவாகப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்பக்கக் கம்பிகள் கன்னார் வார்த்த பித்தளை. ஜன்னலுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள். சங்கு மாதிரிச் சுருண்ட பித்தளை ஹாரன் ஒன்று; அதை அமுக்கினால் பயம் வராது, பக்தி வரும். முதல் தடவை கொட்டகைக்குள் போனபோது நான் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஏற்கெனவே பல ஜோடிகள் கிடந்தன.

அத்தைக்கு மட்டும் அதைப் பிடிக்காது. “உங்க மாமாவுக்கு அவதான் மூத்தா. நான் ரெண்டாந்தாரம்” என்பார்.

இனி விஷயம். ஏம்பலம் பக்கம் ஒரு கிராமம்தான் மாமாவின் பூர்வீகம் (பெயர் வேண்டாம், அந்த ஊரார் இன்னும் நன்றாக இருக்கிறார்கள்). அந்த ஊர் அம்மன் மாசி மகத்தன்று கடலாடப் புதுச்சேரிக்குப் போவாள். வருஷா வருஷம் அவளைச் சுமந்தது அரியூர்க்காரர் ஒருவரின் புது மாடல் லாரி. தன் ஊர் அம்மன் தன் லாரியில் ஏற வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. கேட்கும்போதெல்லாம் ஊரார், “வண்டி பழசாச்சே மொதலாளி” என்று இழுத்துவிடுவார்கள். அந்த வருஷம்தான் ஒரு வழியாக, “கொண்டாங்க, பாப்போம். கோயில் வாசல்ல நின்னா கண்ணுக்கு நெறைவா இருக்கணும்” என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அரியூர் லாரியையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

மகத்துக்கு முதல் நாள் காலை. மாமா கொட்டகையில் நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த அன்றுகூட அந்த முகம் அவ்வளவு கவலையாக இல்லை.

“மாமா, மெருகு போடற பொறுப்ப எங்கிட்ட விடுங்க” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு மாப்ள இந்த வேலை? ஒக்காருங்க.”

“இல்ல மாமா, இதப் பத்திப் படிச்சிருக்கேன்.”

அந்தக் காலத்தில் ‘படிச்சிருக்கேன்’ என்றால் மறுபேச்சு கிடையாது.

பொய் இல்லை. படித்திருந்தேன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் பழைய மோட்டார்களுக்கு எப்படி மெருகேற்றுவது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். கழுவி, தேய்த்து, மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, பூசியதை முழுவதும் துடைத்து எடுத்துவிட வேண்டுமாம். பூசுவானேன், எடுப்பானேன்? வெள்ளைக்காரன் கஞ்சன் என்று முடிவு கட்டினேன். கொஞ்சம் பூசினாலே அத்தனை மினுமினுப்பு என்றால், நிறையப் பூசி அப்படியே விட்டால்?

டிரைவர் அந்தோணியும் நானும் இறங்கினோம். அந்தோணி வில்லியனூர்க்காரர், லாரியைப் பற்றி யார் என்ன பெருமையாகச் சொன்னாலும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும் மனிதர். புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளையைத் தேய்த்தோம். பல்பொடியைக் குழைத்து மரத்தைத் தேய்த்தோம். (யாளியின் பல்லையும் அதனாலேயே விளக்கினோம்.) பிறகு மெழுகு. சந்தைப்பக்கம் கிடைத்த தேன்மெழுகு ஒரு கதவுக்குத்தான் காணும் போலிருந்தது. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. படகின் பலகை இடுக்கில் பூசுகிற குங்கிலியம் மினுங்கும் அல்லவா? அதை வாங்கி உருக்கினேன். இளக்கத்துக்கு விளக்கெண்ணெய். இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய். அத்தையின் பழைய தவலையில் அது கொதித்தபோது எழுந்த வாசனையில், எதிர்ச்சாரிக் கடைக்காரர் வந்து வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பூசி முடித்து லாரியை வெளியே இழுத்து நிறுத்தினோம்.

நகைச்சுவையை ஒரு நிமிஷம் ஓரமாக வைக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோபுரங்களையும் மாளிகைகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மதியம் சாய்ந்த வெயில் மெழுகேறிய மரத்தின் அரக்குச் சிவப்பின்மேல் விழவில்லை, அதற்குள்ளே இறங்கியது. தேக்கின் ரேகைகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி அசைந்தன. யாளிகள் மூச்சு விட்டன. விழுப்புரம் சாலை முழுவதும், மாட்டு வண்டியும் பஸ்ஸும் மரமும் வானமுமாக, அந்த ஒரு கதவில் தலைகீழாகாமல் நேராக ஓடியது. ஒரு மைனா வந்து தன்னையே பார்த்துச் சண்டை போட்டது. பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்கள்.

“சார்” என்றார் அந்தோணி, கதவில் முகத்தைப் பார்த்துக்கொண்டே. “எங் கன்னத்துல ஒரு மச்சம் கீதுன்னு எனக்கே இன்னைக்குதான் தெரிது.”

என் மனைவி பூங்காவனம் பக்கெட்டும் கையுமாக வந்தவள், கதவில் தெரிந்த என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். (கடைசித் தடவையும் அதுதான்.)

மாமா சுற்றிச் சுற்றி வந்தார். ஒற்றை விரலால் லேசாகத் தொட்டார். விரலும் கதவும் பிரிய மனமில்லாமல் பிரிந்தன.

“காயுமா மாப்ள?”

“காலைல பாருங்க மாமா, கண்ணாடியாட்டம் இருக்கும்” என்றேன், பத்திரிகையே என்னைக் கேட்டு எழுதியது போல.

விடிந்ததும் புறப்பட்டோம். முன்கூண்டில் அந்தோணி, மாமா, நான். பின்னால் ஜமக்காளம் விரித்து அத்தையும் பூங்காவனமும் உறவுக்காரப் பெண்களும். இன்னும் காய்ந்திருக்கவில்லை. ஓடுகிற காற்றில் காய்ந்துவிடும் என்றேன்.

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை, அறுவடைக்குச் சொந்தம். வைக்கோலையும் உளுந்துச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கொடுக்கும். காரும் மாட்டு வண்டியும் பார்த்தே பழகியவர்களுக்கு எங்கள் லாரியைக் கண்டதும் ஆனந்தம்.

“ஏத்து! நல்லா ஏத்துபா!” என்று துண்டை வீசினார்கள்.

ஒரு கிழவி நடுச்சாலையில் நின்று கும்பிட்டாள். “ராசா, ஒருவாட்டி பின்னாடி வந்துட்டுப் போயேன், புண்ணியமா போவும்.”

“நல்ல நாளும் அதுவுமா கேக்கறாங்க. போ அந்தோணி” என்றார் மாமா. அந்தோணி பின்னால் வந்தார், முன்னால் போனார், மறுபடி வந்தார். வழி நெடுக இதே தர்மம். பதரும் தூசும் சருகும் புகைபோல் எழுந்து எங்களைச் சூழ்ந்தன. உள்ளே மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கக் கண்ணாடி என்று ஒன்று இருந்ததே, அதைக் காணோம்.

கோயில் வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தோம்.

லாரியைக் காணோம். நான்கு சக்கரத்தின்மேல் ஒரு வைக்கோல் போர் நின்றது. யாளிக்கு உடம்பெல்லாம் ரோமம் முளைத்திருந்தது. பித்தளை, கண்ணாடி, தேக்கு எதுவும் இல்லை. சக்கரத்துக்கு மேலே தப்ப முயன்று தோற்ற ஒரு வெட்டுக்கிளி காலை உதைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அரியூர் லாரி, மாவிலை கட்டி, குளித்த பிள்ளை மாதிரி நின்றது.

கூட்டம் கிட்டே வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அரியூர் லாரியின் ஆள்தான் முதலில் தெளிந்தவன்.

“அம்மனுக்கு வண்டி கேட்டா, மொதலாளி மாட்டுக்குத் தீனி கொண்ணாந்துகீறாருபா!”

ஊரே சிரித்தது. மாமா சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பல வருஷமாகக் காத்திருந்த ஒரு மனிதர், காத்திருந்தது போதும் என்று முடிவு செய்கிற பார்வை அது. பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தாலும் விளக்கெண்ணெய் என்னை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பூசாரி கேட்டார்: “இன்னா மொதலாளி இது?”

மாமா தொண்டையைக் கனைத்தார். மண்டியில் ஒரு படி குறைத்து அளந்ததாகக்கூட அவரைப் பற்றிப் பேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவர், நிமிர்ந்து நின்று, நிதானமாகச் சொன்னார்:

“வேண்டுதல்.”

சிரிப்பு நின்றது.

“யாரு வேண்டுதல்?”

“எங்க மாப்ள வேண்டிக்கினாரு. வெள்ளாமைய அம்மன் வண்டிக்குப் போத்தறன்னு.”

“இன்னான்னு வேண்டிக்கினாரு?”

மாமாவின் கற்பனை அங்கே தீர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் வெட்டுக்கிளியைப் பார்த்தேன். பின்னாலிருந்து அத்தையின் குரல் கணீரென்று வந்தது.

“கொயந்த வேணும்னு!”

“கல்யாணம் ஆயி ஒரு மாசந்தானே ஆவுது?”

“அவருக்கு அவசரம்!”

பூங்காவனம் ஜமக்காளத்தைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. ஆனால் வேண்டுதல் என்று சொன்ன பிறகு அந்த வண்டியைத் திருப்பி அனுப்ப எந்த ஊருக்கும் துணிச்சல் வராது. பூசாரி லாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் (இமையில் இரண்டு பதர் ஒட்டிக்கொண்டது, அதையும் பிரசாதமாக ஏற்றார்). “ஏத்துங்கடா அம்மாவ” என்றார். பிறகு என்னிடம், “ஒருவாட்டி செஞ்சா மூணு வருசம் செய்யணும். தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

வில்லியனூரில் கூட்டத்துக்காக நின்றபோது இரண்டு பசுக்கள் வந்து வலது கதவில் பாதியைத் தின்றன. மற்றபடி பயணம் சுகம்.

கடற்கரையில் எத்தனையோ ஊர்த் தெய்வங்கள் வரிசையாக நின்றன. பூவும் பட்டும் ஜிகினாவுமாக வாகனங்கள். அவற்றின் நடுவே எங்கள் லாரி. கடலின் மேலிருந்து வந்த வெயில் அந்தப் பதரின்மேல் பட்டதும், நான் முதல் நாள் பார்த்ததை மறந்தேன். அத்தனை துரும்பும் தனித்தனியாகப் பற்றிக்கொண்டது போல் பொன்னாக எரிந்தது. ஒரு நிலம் முழுக்க எழுந்து கடலுக்கு வந்து நின்றது போல இருந்தது. அதன் நடுவில் எங்கள் அம்மன், சிவப்புப் புடவையில். யாரோ கையெடுத்தார்கள், பக்கத்திலிருந்தவர்கள் கையெடுத்தார்கள். அந்த வேண்டுதலின் கதை முழுக்கத் தெரிந்த நானும் கையெடுத்தேன். மாமா கையெடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்தது ரசாயனம். பதரும் கடல் மணலும் குங்கிலியமும் ஒன்றாக இறுகி அடையாகிவிட்டன. மாமா கொட்டாங்கச்சியால் சுரண்ட உட்கார்ந்தார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

“அப்பாவுக்கு இன்னும் கோவமா?” என்று பூங்காவனத்திடம் கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்லிங்க. உங்க மூஞ்சப் பாத்தா சிரிப்பு வந்துடுதாம்.”

அடுத்த மாசிக்குள் எங்களுக்குப் பெண் பிறந்துவிட்டாள். ஊருக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சொன்னபடி நான் விளக்கெண்ணெய் காய்ச்சினேன். கோயில் வாசலில் எனக்கு முன்பே பல ஜோடிகள் ஆளுக்கொரு முறம் பதரோடு காத்திருந்தார்கள். மூன்று வருஷம் என்பது அந்த லாரி ஓடிய காலம் வரை நீண்டது. அரியூர்க்காரர்கூட ஒரு வருஷம் மருமகளோடு வந்து ஒரு கைப்பிடி ஒட்டிவிட்டுப் போனார்.

மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது அந்த ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாக, “இது லாரிக்கு வேண்டிப் பொறந்த பொண்ணு” என்று சொல்லிவிட்டார். சம்பந்தி திகைத்து எங்களைப் பார்த்தார். இனியாவது உண்மையைச் சொல்வார் என்று எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். தள்ளாத வயதிலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆமா. எங்க மாப்ள தொடச்சி தொடச்சி வேண்டிக்கினாரு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைத் துடைத்தாலும் கேள்வி வருகிறது. சைக்கிளைத் துடைத்தால் வரும், மேஜையைத் துடைத்தால் வரும். நேற்று மூக்குக் கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் காபியை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றாள்.

“இந்த வயசுல இன்னா வேண்டுதல்?” என்றாள்.