நூலளவு சின்னது

வீடு பார்ப்பவர், பெண் பார்ப்பவர், நாடி பார்ப்பவர் என்று சென்னையில் பல இனங்கள் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் மேலே இன்னொரு இனம் இருக்கிறது. அசல் பார்ப்பவர்.

பழைய பதக்கம் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பட்டாபிஷேகத்துக்குப் போட்டது, பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்குக் கொடுத்தது, எதுவானாலும் சரி. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், விளிம்பை நகத்தால் வருடுவார், முகர்வார், தரையில் தட்டிச் சத்தம் கேட்பார், பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்து மறு கண்ணை மூடிக்கொள்வார், நீங்கள் மூச்சுவிட மறந்து நிற்கும் அந்த நேரம் பார்த்து, "ப்ச்" என்பார். அவ்வளவுதான். உங்கள் தாத்தா போலியாகிவிடுவார்.

அடையாறு காந்தி நகர் கருணாகரன் இந்த இனத்தின் தலைமகன். பாண்டி பஜார் பாத்திரக்கடையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, உலகத்தின் பொய்களைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பதக்கம். இங்கிலாந்து ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு, அவர் தலை போட்டு வந்த 1935 வெள்ளிவிழாப் பதக்கம், வெல்வெட் பெட்டிக்குள். அதை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார்.

"அசல்னா அச்சுல அடிப்பாங்க சார். போலின்னா, அசலை மண்ணுல பதிச்சு அதுல உருக்கி ஊத்துவாங்க. ஊத்தினது ஆறும்போது சுருங்கும். அதனால போலி எப்பவும் நூலளவு சின்னது."

பாடம் சரிதான். ஆனால் அளந்து பார்க்கும் வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. கண்ணே அளவுகோலாக இருக்கும்போது அளவுகோல் எதற்கு? எதிர்வீட்டு ராஜரத்தினம் கொண்டு போன பதக்கம் போலி. அடுத்த தெருத் தனபாலன் வேலை பார்க்கும் ஆபீஸில் அவருக்கு மாலை போட்டுக் கொடுத்த சேவைப் பதக்கம்கூடப் போலி. கொடுத்த மேனேஜரே எதிரில் வந்து நின்றாலும் தீர்ப்பு மாறியிருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், ஆயுதபூஜை முடிந்த வாரம், நான் அவர் வாசலில் நின்றிருந்தேன். ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டு வரும் அங்காளம்மாள் கூடையை இறக்கிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அதே மாதிரி இன்னொரு வெள்ளிவிழாப் பதக்கம்.

"எங்க நைனா தேசப்பன் வாங்கினது சார். ஜூபிலி அன்னிக்குக் கட்டுமரப் பந்தயத்துல மொதல்ல வந்தாரு. எங்க பக்கத்து வூட்டு அங்கமுத்து இன்னாடான்னா, பந்தயமும் இல்ல ஒண்ணும் இல்ல, மூர் மார்க்கெட்ல வாங்கின போலின்னு குப்பம் பூரா சொல்லிக்கினு கீறான். செத்துப்போனவரு வந்து பதில் சொல்லுவாரா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அவன் வாய மூடுவான்."

கருணாகரன் எடை பார்த்தார், வருடினார், முகர்ந்தார். வஞ்சிர வாசனைதான் வந்தது. ராஜாவின் மூக்கு மழுங்கியிருந்தது. தாடி இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"ப்ச். அச்சுல அடிச்சதுன்னா மூக்கும் முழியும் தெரியணும்மா. இது போலி."

அங்காளம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் என்னவோ போல ஆகிவிட்டது.

"மூக்கு தேயாம இன்னா சார் பண்ணும்? வருசா வருசம் ஆயுதபூஜைக்குத் துடுப்போட இதையும் வெச்சுப் படைக்கிறோம். அதுக்கு மொத நாளு புளி போட்டுத் தேய்க்கிறோம். முப்பத்தேழு வருசமா."

"அதெல்லாம் இல்லம்மா. அசல் எப்படி இருக்கும்னு காட்டறேன்" என்று கருணாகரன் வெல்வெட் பெட்டியைக் கொண்டு வந்தார். மூக்கு, முழி, தாடி எல்லாம் காட்டினார். நூலளவுப் பாடத்தையும் ஒருமுறை நடத்தி முடித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அங்காளம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே, தன்னுடையதன் மேல் அவருடையதை வைத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினாள்.

"சார், எங்க நைனாது வெளியில நீட்டிக்கினு கீது. உங்களுது உள்ள அடங்கிப் போச்சே."

நான் குனிந்து பார்த்தேன். சுற்றிலும் மயிரிழை அகலத்துக்குத் தேசப்பனின் பதக்கம் தெரிந்தது. கதவருகே நின்ற சுந்தரவல்லி அம்மாள், "ஏங்க, போலிதானே சின்னதா இருக்கும்னு சொன்னீங்க?" என்று கணவரைக் கேட்டார். பாவம், சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

கருணாகரன் பூதக்கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "மழைக்காலத்துல அசலும் கொஞ்சம் சுருங்கும்" என்றார்.

"சின்னதுதான் போலின்னு சொன்னீங்க இல்ல சார், அது போதும்." அங்காளம்மாள் பதக்கத்தை முடிந்துகொண்டு கூடையைத் தூக்கினாள். அன்று சாயங்காலமே, காந்தி நகர் சார் தீர்ப்பு சொல்லிவிட்டார் என்று குப்பம் முழுக்கச் செய்தி போய், அங்கமுத்து வாயை மூடிக்கொண்டான். கருணாகரன் தயவில் ஒருவருடைய பதக்கம் அசலானது அந்த ஒரு தடவைதான்.

அவர் திருந்திவிட்டாரா என்றால், பாடத்தைத் திருத்திவிட்டார். இப்போதெல்லாம், "அளவை வெச்சு எதுவும் சொல்ல முடியாது சார்" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? நானும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். என் பீரோவிலும் மாமனார் கொடுத்த வெள்ளிவிழாப் பதக்கம் ஒன்று இருக்கிறது. அங்காளம்மாளுடையதோடு அதை ஒட்டிப் பார்க்கலாமே என்று மனைவி சொன்னாள். எதற்கு வேண்டாத வேலை? என்னுடையது அசல், பார்த்தாலே தெரிகிறது. உங்கள் பீரோவிலும் ஏதாவது ஒன்று இருக்குமே, அதை எடுத்து அடுத்த வீட்டுக்காரருடையதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, பிறகு என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.