இழுத்துப் பாத்துத்தான் எடுக்கிறது

பிக்கப்பின் பின்பக்கம் இருந்தது உருண்டை. பெட்டியின் முன்பக்கம் இருந்தது வளையம். உருண்டையில் வளையம் நிற்காது, வளையத்துக்குள் உருண்டை போகாது. கண்டாவளையில் வீரகத்தியாரின் வளவுக்குள், மாசி மாத வெயிலில், ஜெயந்தன் குந்தியிருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, கொழுவேலாதோ?" என்று கேட்டார் வீரகத்தியார்.

"கொழுவலாம் ஐயா. இது வெளிநாட்டு முறை, அதுதான்..."

"வெளிநாட்டு முறை எண்டா வெளிநாட்டுப் பெட்டியும் சேத்தெல்லோ தரவேணும்."

பெட்டி என்றால் ரக்ரருக்குப் பின்னால் கொழுவி நெல் ஏற்றும் பெட்டிதான். ஆனால் வீரகத்தியாருடையது லேசுப்பட்டதில்லை. நாலு சில்லு, இரும்புப் பலகை, ஒரு சின்னக் குடும்பம் தாராளமாகக் குடியிருக்கலாம். அதை இழுக்கத்தான் அவருக்குப் பிக்கப் வேண்டுமாம்.

"ரக்ரர் நிக்குதே ஐயா?" என்று கொட்டிலைக் காட்டி முதலே கேட்டிருந்தான் ஜெயந்தன்.

"அது வயலுக்கு. றோட்டில விட்டா டீசலும் குடிக்குது, குலுக்கலில நாரியும் முறியுது. இந்த வயசில எனக்கேன் அந்தக் கரைச்சல்?"

நியாயமான கதை. ஜெயந்தனுக்கு அந்தக் கதை நியாயமாகத்தான் இருந்தாகவேண்டும். கிளிநொச்சியில் கண்டி வீதியோரம், செந்தூரன் முதலாளியின் வாகனக் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் தற்காலிகம்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவனுக்குப் பிடிக்காது. காரணம், அவன் கட்ட நினைத்திருந்த கஜனி. 'தற்காலிக வேலைக்காரனுக்குப் பிள்ளையை நிரந்தரமாக் குடுக்கேலாது' என்று கஜனியின் அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொன்னதோடு நின்றாரா? சுவிசிலிருந்து வந்த ஒரு சாதகத்தை எடுத்துச் சாமிப்படத்துக்குக் கீழே வேறு வைத்துவிட்டார்.

முதலாளியோ, கடை வாசலில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்துகொண்டு நின்ற அந்தப் பெரிய பிக்கப்பைக் காட்டி, "உதை வித்துத் தள்ளிவிடு. அடுத்தநாளே நீ நிரந்தரம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஒருவரும் கூப்பிடாமலே கடைக்குள் நுழைந்தவர்தான் வீரகத்தியார். முறிகண்டிப் பிள்ளையாரே சாரம் கட்டிக்கொண்டு வந்ததுபோல ஜெயந்தன் எழும்பி நின்று கதிரை கொடுத்தான்.

"மூவாயிரம் சீசி ஐயா. நாலு சில்லும் இழுக்கும். மூண்டரைத் தொன் பாரம் இழுக்குமெண்டு போட்டிருக்கு."

"எதில போட்டிருக்கு?"

"கடதாசியில ஐயா."

"பெட்டி கடதாசி வாசிக்குமோ தம்பி? வளவுக்குக் கொண்டாங்கோ. இழுத்துப் பாத்துத்தான் எடுக்கிறது."

அப்படி வந்த இடத்தில்தான் இந்த உருண்டையும் வளையமும். ஜெயந்தன் யோசித்தான். யோசிக்க நேரமில்லை என்றும் யோசித்தான். பிக்கப்பைத் திருப்பி, பரந்தனில் இரும்பு ஒட்டுவேலை செய்யும் கடைக்கு விட்டான். உருண்டையை அறுத்தெறிந்துவிட்டு, ரக்ரருக்கு இருப்பதுபோல ஒரு முரட்டுக் கொழுக்கியை ஒட்டுவித்தான். தீப்பொறி பறக்கிற நேரத்தில் முதலாளியின் அழைப்பு வந்தது.

"என்னடா சத்தம் உது?"

"கொழுக்கி மாத்துறன் அண்ணை."

"புது வாகனத்தை அறுக்கிறியோ?"

"ஆள் எடுக்கிறார் அண்ணை."

"எடுத்தால் சரி. எடுக்காட்டி அந்தக் கொழுக்கியில உன்னைத்தான் கொழுவுவன்."

திரும்பி வந்து பார்த்தால் பெட்டி நிறைய நெல்மூட்டை. படங்கு மூடி, கயிறும் இழுத்துக் கட்டியாகிவிட்டது.

"வெறும் பெட்டியை மாடும் இழுக்கும்" என்றார் வீரகத்தியார். "பாரத்தோட எல்லோ பாக்கவேணும். பரந்தன் மில் மட்டும் ஒருக்காப் போட்டு வருவம்."

போய் வந்தார்கள். பிக்கப் முனகாமல் இழுத்தது. மில்லில் மூட்டை இறக்கி முடியும்வரை ஜெயந்தன் வாகனத்தின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே நின்றான். வீரகத்தியார் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். வளவுக்குத் திரும்பியதும் பின்பக்கமாகப் போய் நின்று தலையைச் சரித்துப் பார்த்தார்.

"மற்றும்படி திறம். ஆனா பாரம் ஏத்தினவுடன பின்பக்கம் குந்துது தம்பி, அடைக்கிருக்கிற கோழி மாதிரி. உதை ஒருக்காப் பாருங்கோ. நாளைக்குக் காலமை எடுப்பம்."

எடுப்பம். வாகனக் கடையில் வேலை செய்கிறவன் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஜெயந்தனுக்குக் கண்டாவளை வெயில் குளிர்ந்தது. ஒழுங்கை திரும்பியதும் கஜனிக்குப் போன் எடுத்தான்.

"எடுக்கிறாராம்."

"உண்மையாவோ? அம்மாட்டைச் சொல்லட்டோ?"

"கொஞ்சம் பொறும். கையெழுத்து வைக்கட்டும்."

"சரி, பொறுக்கிறன்" என்றாள் கஜனி. பொறுத்தாள்தான், போனை வைக்கும்வரை.

அன்று பின்னேரமே கராஜில் விட்டு, பின்பக்க வில்லுத்தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு போட்டான். அடுத்தநாள் காலையில் விற்பனைக் கடதாசிகளைக் கோப்பில் வைத்து, பேனையும் இரண்டு கொண்டுபோனான். ஒன்று எழுதாவிட்டால் மற்றது. வீரகத்தியார் படலையடியில் நின்றார். அவருக்குப் பின்னால் பெட்டியும் நின்றது. பெட்டி நிறைய மூட்டை.

"வில்லு சரியோ எண்டு பாக்கவேணுமெல்லோ" என்றார். "முள்ளியவளையில என்ரை தங்கச்சி இருக்கிறா. அவைக்கு விதைநெல்லுக் குடுக்கிறதும் கிடக்கு. அதோட, வாகனம் எடுக்கிறதெண்டா கூடப்பிறந்ததிட்டையும் ஒரு சொல்லுக் கேக்கவேணும்."

கூடப்பிறந்தவளிடம் கேட்காதே என்று எந்த விற்பனையாளன் சொல்லுவான்? விசுவமடு தாண்டி, புதுக்குடியிருப்பு தாண்டி, முள்ளியவளைக்குப் போனார்கள். போகும்போது பாரம் இருந்தது, குந்தவில்லை. வரும்போது பாரம் இல்லை, இருக்கையில் இருக்கவும் முடியவில்லை. றோட்டில் ஒவ்வொரு கிடங்குக்கும் பள்ளத்துக்கும் பிக்கப் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஜெயந்தனின் தலை கூரையைத் தொட்டு வந்தது.

தங்கச்சி மூட்டைகளை எண்ணி இறக்குவித்துவிட்டுச் சொன்ன கருத்து ஒன்றுதான்: "அண்ணை, சில்லு வழுவழுவெண்டு கிடக்கு. எங்கட சேத்துக்கு உது வழுக்கும்."

"கேட்டனீங்களே தம்பி?" என்றார் வீரகத்தியார். "பொம்பிளையளுக்கு இருக்கிற கண் எங்களுக்கில்லை. ரயரை ஒருக்காப் பாருங்கோ. பிறகு எடுப்பம்."

ஜெயந்தன் ரயரையும் பார்த்தான். சேற்றுக்கென்று பெரிய பெரிய பொத்தான் வைத்த ரயர். அதைப் பூட்டித் தார் றோட்டில் விட்டால் விமானம் இறங்குகிற சத்தம். வழிநெடுக நாய்கள் துரத்தின. கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போது, வவுனியாவிலிருந்து ஒரு ஒப்பந்தகாரர் பிக்கப் பார்க்கவென்று வந்து நின்றார். முதலாளியே முன்னுக்கு வந்து கதவைத் திறந்துவிட்டார். ஒப்பந்தகாரர் ஏறி, அந்த மூலை வரைக்கும் ஓடிப் பார்த்து, தலையைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

"இது புதுசு எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

"புதுசுதான்" என்றார் முதலாளி.

ஒப்பந்தகாரர் கொழுக்கியைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார், இருக்கைக்குக் கீழே கிடந்த நெல்மணிகளைப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார்.

முதலாளி ஜெயந்தனை உள்ளே கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம்.

"ஜெயந்தன், உந்த வாகனத்தை இனி இந்த உலகத்தில ஒரே ஒரு ஆளுக்குத்தான் விக்கலாம். அந்தாளை விட்டிடாதை. விட்டியோ, பிறகு நீ தற்காலிகமும் இல்லை."

அந்த நேரம் பார்த்துக் கஜனியின் அழைப்பு.

"ஒரு சந்தோசமான விசயம்" என்றாள். "அம்மா சுவிஸ் சாதகத்தைத் திருப்பிக் குடுத்திட்டா. பெரியம்மாவுக்கும் சொல்லிட்டா, கோயில் ஐயருக்கும் சொல்லிட்டா. நீங்கள் நிரந்தரமாம் எண்டு."

"ஐயோ, நான் பொறும் எண்டெல்லோ சொன்னனான்."

"நான் பொறுத்தனான். அம்மாதான் பொறுக்கேல்லை."

ஜெயந்தனுக்கு இருந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் நிலை கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பெட்டி, திறந்தால் கொழுக்கி. கண்டாவளைக்கு ஓடினான். அங்கே வீரகத்தியார் வைக்கல் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு மேலே ஒரு வீடளவு உயரத்துக்கு வைக்கல்.

"இது என்னத்துக்கு ஐயா?"

"காத்துக்குத் தம்பி. பாரம் இழுக்கிற வாகனமெல்லாம் காத்தைத் தாங்காது. உயரமா ஏத்திப் பாத்தாத்தான் தெரியும். தருமபுரத்தில ஒருத்தர் மாட்டுக்கு வைக்கல் கேட்டவர், அதுவும் ஆச்சு."

ஏற்றிப் பார்த்தார்கள். காற்றைத் தாங்கியது. வேலியைத் தாங்கவில்லை. தருமபுரத்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஒரு வேலிக் கிளுவைமரம் இடதுபக்கக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கதவிலும் நீளமாகக் கோடு போட்டுவிட்டது. வைக்கல் சுணை பட்டு ஜெயந்தன் உடம்பு முழுக்கச் சொறிந்தான்.

"பாத்து விடுங்கோ தம்பி" என்று வீரகத்தியார் உண்மையான கவலையோடு சொன்னார். "வாகனம் பழுதாப் போனா ஆர் எடுக்கிறது?"

ஜெயந்தன் புதுக் கண்ணாடி பூட்டினான். கோட்டுக்கு நிறம் அடித்தான். நிறம் கொஞ்சம் மாறிப்போனது. அதற்குப் பொருந்தும்படி மற்றக் கதவுக்கும் அடித்தான். இப்போது இரண்டு கதவும் ஒருவிதம், மிச்ச வாகனம் இன்னொருவிதம்.

இவ்வளவுக்கும் நடுவில் அவனுக்கு ஆறுதலாக இருந்த ஒரே ஆள் வீரகத்தியாரின் மனைவி இராசேஸ்வரி அம்மாதான். அதிகம் கதைக்கமாட்டார். வரும்போதெல்லாம் தேத்தண்ணி கொடுப்பார். மத்தியானமானால், "தம்பி, வெயிலுக்குள்ள களைச்சுப் போனியள், சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து சோற்றுக் கோப்பையோடு வருவார். இப்படி ஒரு மனுசி இருக்கிற வீட்டில் ஏமாற்று இருக்காது என்று ஜெயந்தன் தன்னைத் தேற்றிக்கொள்ளுவான்.

கடைசியாக ஒரு நாள் விடியப்புறம் வீரகத்தியாரே அழைத்தார்.

"தம்பி, இண்டைக்கு எடுத்து முடிச்சிடுவம்."

"முடிச்சிடுவமோ ஐயா?"

"ஓம். இனி இழுத்தடிக்கிறதில்லை. வாங்கோ."

ஜெயந்தன் குளித்து, திருநீறு பூசி, அவனிடம் இருந்த ஒரே நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போனான். பெட்டியில் மூட்டைகள் ஏறியிருந்தன. ஏன் என்று கேட்கிற கட்டம் தாண்டிவிட்டது. பரந்தன் மில்லுக்குப் போய் இறக்கிவிட்டு வந்தார்கள். பின்பக்கம் குந்தவில்லை. ரயர் வழுக்கவில்லை. கண்ணாடி கழலவில்லை. வளவுக்குள் வந்து நின்றதும் வீரகத்தியார் இறங்கி, வாகனத்தைச் சுற்றி மெல்ல ஒரு நடை நடந்தார். ஜெயந்தன் கடதாசிக் கோப்போடு அவருக்குப் பின்னாலேயே சுற்றினான்.

வீரகத்தியார் பிக்கப்பின் முன்மூடியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"திறம் வாகனம். ஒரு குறை சொல்லேலாது."

ஜெயந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கிவிட்டது.

"அப்ப ஐயா, கடதாசியை..."

"பொறுங்கோ தம்பி, ஒரே தூசி. மேல் கழுவிக்கொண்டு வாறன்." துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார்.

ஜெயந்தன் போனை எடுத்தான். கையெழுத்துக்கு இன்னும் ஒரு குளிப்புத்தான் பாக்கி. முதலாளிக்கு 'முடிஞ்சுது அண்ணை' என்று செய்தி அனுப்பினான். 'சபாஷ், நிரந்தரக் கடிதம் அடிக்கச் சொல்லிட்டன்' என்று பதில் வந்தது. கஜனிக்கு 'எடுத்தாச்சு' என்று அனுப்பினான். அவளிடமிருந்து சொல்லே இல்லாமல் பூக்களாக வந்து விழுந்தன. அதற்குப் பின்னால் அவளுடைய அம்மா முதல் தடவையாக அவனுக்கென்று ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பக்கம் வாங்கோ, நாள் பாப்பம்."

ஜெயந்தன் அதை இரண்டாம் தரமும் போட்டுக் கேட்டான். உடம்பு லேசாகி, பெட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டான். கிணற்றடியில் வாளி விழும் சத்தமும், வீரகத்தியார் ஏதோ தேவாரம் முணுமுணுக்கும் சத்தமும் கேட்டன.

இராசேஸ்வரி அம்மா தேத்தண்ணியோடு வந்தார். மற்றக் கையில் ஒரு சின்னச் சாக்கு, வாய் கட்டியிருந்தது.

"என்னத்துக்கு அம்மா உதெல்லாம்?" என்று எழும்பினான் ஜெயந்தன்.

"புது அரிசி தம்பி, வீட்டை கொண்டுபோய்ப் பொங்குங்கோ" என்று சாக்கை அவன் கையில் வைத்து, அவன் முகத்தை அன்போடு பார்த்து அந்த அம்மா கேட்டார்: "அடுத்த சிறுபோக நெல்லேத்தவும் நீங்களே வாறியளோ, இல்லாட்டி வழமைபோல வேற கொம்பனித் தம்பியோ?"