சத்தம் கேட்டவர்கள் கை தூக்கவும்

"கேக்குதா சார்?" என்றாள் கீழ்வீட்டு டீச்சர்.

எக்ஸ்சேஞ்ச் சார் வாசற்கதவைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. டீச்சரின் கேள்வியையே உதட்டில் பாதியும் புருவத்தில் பாதியுமாகத்தான் படித்துக்கொண்டார்.

"எது?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் வகுப்பறைக் குரலுக்கு மாறிவிட்டாள்.

"ஙொய்ய்ய்னு ஒரு சத்தம் சார், விடாம. ஒரு பேப்பர் திருத்த முடியலை. காதுன்னு ஒண்ணு இருக்கற யாருக்கும் இது கேக்காம இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைக் கவிழ்த்தது.

எக்ஸ்சேஞ்ச் சாருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே காதுதான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், லைனைக் காதில் வைத்த மாத்திரத்தில் எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவாராம். கம்பத்தின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தால் அதையும் சொல்வாராம். இதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லுகிற சாட்சி. அந்தக் காதை நம்பித்தான் அடுக்குமாடிச் சங்கம் அவரைப் போட்டியின்றித் தலைவராக்கியிருந்தது. அவர் தலைவரான பிறகு சத்தப் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்பது எல்லாக் கூட்டத்திலும் அவர் சொல்லும் செய்தி. மறுபாதி அவர் காதில் விழவில்லை என்பது கூட்டத்தில் யாரும் சொல்லாத செய்தி.

அவர் கண்டறிந்தவரை, கோளாறு உலகத்தில்தான் இருந்தது. இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. செய்தி வாசிப்பவர்கள் பாதிச் சொல்லை விழுங்குகிறார்கள். அழைப்புமணியை மட்டமாகச் செய்கிறார்கள். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். "ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாமே" என்று அவள் சொன்ன வாரம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை.

அந்த மனைவியே இப்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அந்தச் சத்தமா டீச்சர்? எனக்கும் கேக்குதே." அவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, உங்களுக்குக் கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. தப்பே இல்லை."

அவள் குரலில் இருந்த பரிவு அவரைச் சுட்டது.

"கேக்கலையா? எனக்கா? நேத்தே கேட்டாச்சு!"

"நேத்தேவா?" என்றாள் டீச்சர்.

"நேத்துச் சாயங்காலம். கீழ் வீட்டுக்குக் கேக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்துட்டு இருந்தேன்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வியப்பு என்று எடுத்துக்கொண்டார் அவர். சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி ஒரு விரலை உயர்த்தி அமைதி கேட்டார். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு தகவலும் தரவில்லை.

"தண்ணி மோட்டார். பேரிங் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நிஜமாவே கேக்குதா உங்களுக்கு?" என்று மறுபடி கேட்டாள் மனைவி.

"பின்னே பொய்யாவா கேக்கும்?"

பிளம்பர் வந்தான். மோட்டாரைப் போட்டான், நிறுத்தினான், போட்டான்.

"நல்லாத்தானே ஓடுது சார்?"

"உனக்கு அது ஓடறது தெரியும்ப்பா. எனக்கு அது அழறது தெரியும். கழட்டு."

கழற்றினான். உள்ளே எல்லாம் புதுப்பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. மறுபடி பூட்டும்போது ஒரு நட்டு உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அந்த அளவில் நட்டு இப்போது வருவதில்லை என்றார்கள் கடையில். கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் நின்றது.

தெருக்குழாயில் பக்கெட்டோடு வரிசை. வரிசையில் டீச்சரும் அவர் மனைவியும் அடுத்தடுத்து நின்று, அவரைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். மனைவி அவள் கையைப் பிடித்து ஏதோ கெஞ்சினாள். தம் சேவையைப் பற்றித்தான் உருகுகிறார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் சாருக்குப் புரிந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"மோட்டாரை நிறுத்தியும் சத்தம் நிக்கலையாம் டீச்சருக்கு. உங்களுக்கு?" என்றாள் மனைவி, பக்கெட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபடி.

"எனக்கு இப்ப கூடியிருக்கு."

மனைவி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடிட்டர் மாட்டிக்கொண்டது படிக்கட்டில். மூன்றாம் மாடிக்காரர். தலைவர் நாற்காலியின் மேல் அவருக்கும் ஒரு கண் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். லிஃப்டில் இடம் கிடைக்காமல் இரண்டு கையிலும் பக்கெட்டோடு வந்தவர் கேட்டார்: "ஏதோ சத்தம்ங்கறாங்களே, என்ன சார் அது?"

"அடடா. உங்களுக்குக் கேக்கலையா ஆடிட்டர் சார்?" மனைவி தம்மைப் பார்த்த அதே பரிவோடு அவரைப் பார்த்தார் எக்ஸ்சேஞ்ச் சார். "பரவாயில்லை. எல்லாருக்கும் கேக்கணும்னு இல்லை."

ஆடிட்டர் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"கேக்காம என்ன? ஒரு மாசமா கேட்டுட்டு இருக்கேன். தலைவரைத் தொந்தரவு பண்ணக்கூடாதேன்னு பொறுத்துட்டு இருந்தேன்."

"ஒரு மாசமா?"

"அதுக்கு மேலயே இருக்கும். அது மோட்டார் இல்லை சார். லிஃப்ட். இழைஞ்சு இழைஞ்சு வருது பாருங்க, அது லிஃப்ட் கம்பி."

எக்ஸ்சேஞ்ச் சாருக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. இல்லாத சத்தத்தை இந்த ஆள் தம்மைவிட நுட்பமாகக் கேட்கிறாரே! ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

லிஃப்ட் நிறுத்தப்பட்டது. இப்போது பக்கெட்டுகள் எல்லாமே படியேறின. படியில் மூச்சு வாங்க நிற்பவர்களுக்குப் பேச வேறு விஷயம் இல்லாததால், பொழுது சாய்வதற்குள் கட்டடம் முழுவதற்கும் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் அது தலைவலி கொடுத்தது. ஒரு வீட்டில் பால் திரிந்தது. இரண்டாம் மாடிப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டதற்கும் அதுவே காரணம் என்று தெரியவந்து, அவன் அப்பா ரொம்ப நாள் கழித்து அவனோடு முகம் கொடுத்துப் பேசினார்.

லிஃப்டை நிறுத்தியும் சத்தம் நிற்கவில்லை. இல்லாதது எப்படி நிற்கும் என்ற எண்ணம் எக்ஸ்சேஞ்ச் சாருக்கு ஒருமுறை வந்தது. ஆனால் இத்தனை பேர் கேட்பது எப்படி இல்லாததாகும்? அப்படியானால் கேட்காத ஒரே ஆள்... அந்த எண்ணத்தை அவர் முழுதாக எண்ணவில்லை. கதவைச் சாத்துவதுபோல் சாத்திவிட்டார்.

மிச்சம் இருந்தது மேல்மாடிப் பாட்டு வாத்தியார்தான்.

கீபோர்டு வைத்துச் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் அதில்தான். நல்ல கனத்த குரல். அந்தக் கட்டடத்தில் எக்ஸ்சேஞ்ச் சார் காதில் ஒழுங்காக விழும் ஒரே சத்தம் அதுதான் என்பதால், வாத்தியாருக்கு ஏற்கெனவே பல எச்சரிக்கைகள் போயிருந்தன.

தலைவர், ஆடிட்டர், பின்னால் பத்துப்பேர் என்று ஒரு படையே மேலே ஏறியது. படிக்கட்டு முடிந்த இடத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் நின்றிருந்தார்கள்.

"கீபோர்டை அணைச்ச பிறகும் ஒரு சத்தம் வருதாம் உங்க வீட்டிலேர்ந்து" என்றார் ஆடிட்டர்.

வாத்தியார் கீபோர்டைப் பிளக்கோடு பிடுங்கிக் காட்டினார். எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"இப்பவும் வருது" என்றது படை.

"என்ன வருது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்றார் வாத்தியார்.

படையின் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அம்மாக்கள் பக்கம் திரும்பின.

"பாட்டுச் சொல்லிக் குடுக்கறவருக்கு... கேக்கலையாமே" என்றார் ஆடிட்டர், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

அம்மாக்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு கீபோர்டு சத்தம் மெலிந்தது. வாரம் முடிவதற்குள் நின்றேவிட்டது. வாத்தியாரே இறங்கி வந்து எக்ஸ்சேஞ்ச் சார் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவிதான் திறந்தாள்.

"பிள்ளைங்க எல்லாம் நின்னுடுச்சு சார். வாத்தியாருக்குக் காது மந்தம்னு தெருவே பேசுது. சுருதி பிடிக்கத் தெரியாத ஆள்கிட்ட யார் அனுப்புவாங்க? வீட்டுக்காரர் வேற வாடகை கேட்டு வந்துட்டுப் போயிட்டார்." அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு நிஜமாவே எதுவும் கேக்கலை சார். ஊர் சொல்றதை விடுங்க. உங்க காதைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க. சத்தியமா உங்களுக்குக் கேக்குதா?"

எதிரே ஒரு மனுஷன் பிழைப்புப் போய் நிற்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எக்ஸ்சேஞ்ச் சார் வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சொல்லிடுங்க. ஒண்ணும் ஆகாது."

அவள் முகத்தில் மறுபடி அந்தப் பரிவு. திறந்த வாய் வேறு திசையில் போய்விட்டது.

"நல்லாவே கேக்குது" என்றார். வாத்தியார் தோளில் கை வைத்தார். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு தம்பி? காது ஒரு மிஷின். மிஷின்னா பழுதாகும். போய்க் காட்டணும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கறோம், காதைக் காட்டறதுல மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்? வீண் வீம்பு மனுஷனுக்கு ஆகாது."

மனைவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். தம் பெருந்தன்மை அவளையும் அசைத்துவிட்டது போலும் என்று அவர் நெகிழ்ந்தார்.

"மார்க்கெட் முனையில ஒரு காது டாக்டரம்மா போர்டு போட்டிருக்காங்களே, அவங்ககிட்டப் போங்க."

"அவங்ககிட்டயா?" மனைவி பதறி எழுந்தாள். "வேற யாராவது... தூரமா..."

"ஏன், அவங்களுக்கு என்னவாம்? நீ சும்மா இரு. அவங்ககிட்டயே போங்க தம்பி. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

வாத்தியார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டியிருந்தது. பக்கெட் தூக்கித் தூக்கி ஜனங்களுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் சார் பட்டறையில் ஒரு புது நட்டைக் கடைந்து வாங்கி மோட்டாரைப் பூட்டவைத்தார். லிஃப்டை ஓடவிட்டார். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் கூட்டினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"நண்பர்களே, முப்பது வருஷம் லைன் கேட்ட காது இது. மோட்டாரும் லிஃப்டும் ஒண்ணுக்கொண்ணு எசப்பாட்டுப் பாடிட்டு இருந்தது. ரெண்டையும் தனித்தனியா நிறுத்தி, நேரம் பார்த்து ஒண்ணா ஓட்டினேன். சத்தம் செத்துப்போச்சு! இன்னும் யாருக்காவது கேக்குதா? கேக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"சுத்தமா நின்னுடுச்சு சார்!" என்று எழுந்து கத்தினாள் டீச்சர். விட்டால் போதும் என்றிருந்தது அவள் முகம்.

"எனக்கு நேத்தே நின்னுடுச்சு" என்றார் ஆடிட்டர்.

எல்லாரும் கை தட்டினார்கள். எக்ஸ்சேஞ்ச் சாருக்குக் கைதட்டல் கேட்கவில்லை. ஆனால் பார்க்க மிக நன்றாக இருந்தது. யாரோ அவரை ஆயுட்காலத் தலைவராக்க வேண்டும் என்றார்கள். ஆடிட்டருக்கும் வேறு வழியில்லை, வழிமொழிந்தார். எக்ஸ்சேஞ்ச் சார் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் சட்டைப் பொத்தான் ஒன்று திணறியது. முதல் வரிசையில் மனைவி மட்டும் கை தட்டாமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூரித்துப்போய்விட்டாள், பாவம்.

அப்போதுதான் பாட்டு வாத்தியார் வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாங்க தம்பி, வாங்க!" என்று இரண்டு கையையும் விரித்தார் ஆயுட்காலத் தலைவர். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? கூச்சப்படாம, கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் காது நல்லா இருக்காம் சார், உங்களைத்தான் விசாரிச்சாங்க, 'இல்லாத சத்தம் ஒண்ணு கேக்குதான்னு டீச்சரை விட்டு அவர்கிட்டக் கேக்கச் சொல்றேன், கேக்கலைன்னு ஒத்துக்கிட்டதும் அவரைக் கூட்டிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன அவர் வீட்டம்மா, ஏன் இன்னும் வரவே இல்லை?'ன்னு."