பச்சை என்ஜினும் டோரீன் பெட்டி கட்டியதும்

ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்த வீட்டில் வாழும் மதிப்பிற்குரிய சகலை நோரிஸ் அவர்களுக்கு, டாட்மார்டனிலிருந்து வில்ஃப்ரெட் ஹெய்க் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மழையும் நலம். உங்கள் முழங்காலும் பெரிலின் ரத்தக்கொதிப்பும் டாக்டர் சொன்னபடி நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன்.

என் மனைவி டோரீன் செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டிகளோடு உங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள். வந்தவள் தன் தங்கை பெரிலிடம் தன் பக்கத்து நியாயத்தை விலாவாரியாகச் சொல்லியிருப்பாள். என் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நிதானமான மனிதர் நீங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் ஒரு என்ஜினால் வந்தது. பொம்மை ரயில் என்ஜின். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் இதிலெல்லாம் பழக்கமில்லாத உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். பச்சை நிறம், ஆறு பெரிய சக்கரம். இணையத்தில் பழைய சாமான் விற்கும் இடத்தில் கண்டேன். ‘கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வந்ததே இல்லை’ என்று எழுதியிருந்தது. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், பொய் சொல்கிறவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். இணையத்தில் முதுகு தெரியாது. வாங்கிவிட்டேன். வந்த என்ஜினின் சக்கர அச்சுகளில் ஒரு முழுப் பூனைக்குத் தேவையான முடி சுற்றியிருந்தது. எந்த அலமாரியில் கம்பளம் விரித்துப் பூனை வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, வந்தது வந்துவிட்டது, நாமே சீர்செய்துகொள்ளலாம் என்று டோரீனின் புருவக் குறட்டால் முடியைப் பிடுங்கி, அவளுடைய தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டு விட்டதும் அழகாக ஓடியது. ஆனால் முன்னறைத் தரையில் நான் போட்டிருக்கும் தண்டவாளத்தின் மேட்டில் ஏறமாட்டேன் என்றது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கனம் போதவில்லை. கனம் என்றால் ஈயம், ஈயத்துக்கு நான் எங்கே போவேன்? நம்ம வீட்டு முன்னறை ஜன்னல் திரையின் கீழ் மடிப்பில் ஈயத் துண்டுகள் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அதைப் பிரித்து எடுத்தேன். என்ஜின் மேட்டில் யானை மாதிரி ஏறியது. திரைதான் காற்றடிக்கும்போதெல்லாம் கூரை வரை ஏறியது. ஒரு தடவை அப்படி ஏறியபோது நான் உள்ளாடையோடு தரையில் குப்புறப் படுத்துத் தண்டவாள மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு லம்ப் அம்மாள் அன்று முதல் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. அந்த அம்மாள்தான் டோரீன் பாடும் சர்ச் பாடகர் குழுவுக்குத் தலைவி.

அப்புறம் அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கல. பழைய பெயின்ட்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழற்றணும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கிற கண்ணாடிக் கிண்ணம்தான் அளவாக இருந்தது. கறுப்பு அடித்து, இளஞ்சூட்டில் காயட்டும் என்று ஓவனில் வைத்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டோரீன் யார்க்‌ஷயர் புட்டிங் செய்ய ஓவனை முழுச்சூட்டில் முடுக்கிவிட்டாள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாதா? நான் கேட்டேன்.

“ஓவனுக்குள்ள ரயில் நிக்குதான்னு பாத்துட்டுத்தான் நான் சமைக்கணுமா, வில்ஃப்?”

“நிக்கல, காஞ்சிட்டிருந்துது.”

இதில் தப்பாக நான் என்ன சொல்லிவிட்டேன்? என்ஜினின் பிளாஸ்டிக் மேற்கூடு வெந்து வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தினேன், முக்கால்வாசி நிமிர்ந்தது. புட்டிங்கில் பெயின்ட் வாசனை. நான் ரெண்டு சாப்பிட்டேன் என்பதையும் பெரிலிடம் சொல்லவும்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் விசில் அடிக்கிற ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி உள்ளே பொருத்தினேன். ஒயரை எங்கேயோ மாற்றிக் கொடுத்துவிட்டேன் போல, அது தன் இஷ்டத்துக்கு ஊத ஆரம்பித்தது. திங்கட்கிழமை பாடகர் குழு நம்ம வீட்டில் கூடி, போன வாரம் தவறிய ஒரு பெரியவருக்காகக் கண்ணை மூடி மௌனமாக நின்றார்கள். என்ஜினை ஒதுக்கி வைத்திருந்த பின்னறையிலிருந்து நீண்ட விசில், தொடர்ந்து புஸ் புஸ் என்று நீராவி விடும் ஓசை. லம்ப் அம்மாள் கண்ணைத் திறக்காமலே, “கிளம்பிட்டார் போல இருக்கு” என்றார். யாரோ சிரித்தார்கள். அது நான்தான்.

மறுநாள் காலையில் டோரீன் பெட்டி கட்டினாள்.

“பெரில் வீட்டுக்குப் போறேன். இங்க உனக்கும் அதுக்கும் நடுவுல எனக்கு இடமில்ல.”

“எந்த வண்டில போற?”

“எட்டே முக்கால் வண்டி.”

“அதுல புது என்ஜின் போட்டிருக்காங்க டோரீன், முன்பெட்டில உக்காந்தா சத்தம் நல்லாக் கேக்கும்.”

கதவை அவள் சாத்திய வேகத்தில் திரை மறுபடி மேலே போனது.

சகலை, நான் அவளை அனுப்பிவைக்க நினைத்துச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் எனக்கு ரயில்தான் வருகிறது, அவ்வளவுதான். பாருங்கள், இப்போதும் தேநீருக்கு இரண்டு கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். வீட்டில் சத்தமே இல்லை. அந்த விசில் பெட்டிகூட நேற்றோடு செத்துவிட்டது. ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு இன்று காலை என்ஜினை விற்பனைக்குப் போட்டுவிட்டேன். ‘வளைவுகளில் அபாரமாக ஓடும்’ என்று எழுதியிருக்கிறேன். கூடு வளைந்திருப்பதால் அது பொய்யில்லை. வாங்குகிற அப்பாவி யாரோ, கடவுள் அவருக்குப் பொறுமையைத் தரட்டும். இதைச் சொல்லி, கையோடு டோரீனை வண்டி ஏற்றி அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிலுக்கு என் அன்பும், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
தனியாக இருக்கும்
வில்ஃப்ரெட் ஹெய்க்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என்ஜின் விற்றுவிட்டதாகத் தகவல் வந்தது. வாங்கியவர் பெயர், நோரிஸ் பிளெங்கின்சாப். அனுப்ப வேண்டிய முகவரி, உங்கள் தோட்டத்துக் கொட்டகை. ‘வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்’ என்று குறிப்பு வேறு. என்ஜினின் நிலை பற்றி மேலே நான் எழுதியதெல்லாம் மனக்கவலையில் எழுதியது, அருமையான என்ஜின். அதைத் தபாலில் அனுப்பி ஆபத்தில் விட எனக்கு மனமில்லை. சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். டோரீனை இப்போது அனுப்ப வேண்டாம், கடற்காற்று அவளுக்கு நல்லது. கொட்டகையின் நீள அகலத்தை மட்டும் அளந்து வையுங்கள், தண்டவாளம் என்னிடம் நிறைய இருக்கிறது.