இஷ்டம்னா என்ன மிஸ்?

“இஷ்டம்னா என்ன மிஸ்? போர்டுல வரைஞ்சு போடுங்க, காப்பி பண்ணிக்கறோம்.”

கேட்டவள் சுஷ்மிதா. வயது ஐந்து. “உங்க இஷ்டத்துக்கு ஒரு படம் வரையுங்க” என்று சொல்லியிருந்தவள் பானுமதி மிஸ். அமீரகத்தில், அல் ஐன் நகரின் இந்தியப் பள்ளி ஒன்றில் கே.ஜி. டீச்சராக அவளுக்கு இது இரண்டாவது வருடம். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். அதற்கான படிவத்தில் ‘குழந்தைகளின் கற்பனைத் திறன்’ என்று இந்த வருடம் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது.

“அந்தக் கட்டத்துல டிக் விழலைன்னா உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் கஷ்டம்தான்” என்று பிரின்சிபால் விஜயபாஸ்கர் சொல்லியிருந்தார். கோட்டுக்கு வெளியே கலர் போனால் ஸ்டார் கிடையாது என்று சட்டம் போட்டவரும் அவரே.

“மனசுல தோணுறதை வரையுங்க” என்றாள் பானுமதி.

முப்பது பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் போர்டில் ஒரு வீடு வரைந்து காட்டினாள். பத்து நிமிடத்தில் முப்பது வீடுகள். அவள் கை தவறிப் போட்ட கோணல் ஜன்னல் முப்பதிலும் அதே கோணலில் இருந்தது.

போர்டை அழித்தாள். “என்னைப் பார்த்து வரையக் கூடாது.”

எல்லாரும் சுஷ்மிதாவைப் பார்த்தார்கள். அவள்தான் ஃபர்ஸ்ட் ரேங்க். சுஷ்மிதா என்ன வரைவதென்று தெரியாமல் அழுதாள். அதையும் காப்பியடித்தார்கள்.

சரி, வீட்டில் வரைந்து வரட்டும் என்று அனுப்பிவைத்தாள். காலையில் பாலமுரளி ஒரு பாலம் கொண்டுவந்தான். தூண்களுக்கு மில்லிமீட்டரில் அளவு குறித்திருந்தது.

“நீயா வரைஞ்சே?”

“அப்பா, மிஸ். என்னைத் தொடவே விடலை.”

அவன் அப்பா சிவில் இன்ஜினீயர்.

இன்ஸ்பெக்டர் மக்தூம் மென்மையான மனிதர். சுஷ்மிதாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, “இதில் என்ன வரையப் போகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மிஸ் இன்னும் சொல்லலை சார்” என்றாள் அவளும் ஆங்கிலத்தில்.

மக்தூம் பெருமூச்சு விட்டார். கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். அவரைக் கார் வரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய விஜயபாஸ்கர், “திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்கள் கிளம்பிப் போயின. காலி வகுப்பில், முழங்கால் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் பானுமதி. வேலை போகப்போவதைவிட, முப்பது குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடச் சொந்தமாக எதுவும் தோன்றவில்லையே என்பதுதான் அவளைக் குடைந்தது.

பெருக்க வந்த ஆயா அஸ்மத் பீவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“வெசனப்படாதீக மிஸ், எம் பக்கத்துல ஒரு கொறையும் வெக்கல. இந்தப் பிள்ளைக நெதமும் பாத்ரூம் செவரு பூரா வரைஞ்சு தள்ளுதுக, றெக்க மொளச்ச ஒட்டகம், மீசை வச்ச நெலா, பிரின்சிபால் சார் வழுக்கையில கொடை புடிச்ச பூனைன்னு. அம்புட்டையும் இன்னிக்கு அவுக வர்றதுக்கு முன்னாடியே குளோராக்ஸ் ஊத்தித் தேச்சு எடுத்துட்டேன்.”