பேத்தியின் பெயருக்குள் புகுந்த லத்தீன்

அன்பு மகன் டகுராவுக்கு, குட்டுவிலிருந்து அம்மா எஸ்நாத் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் ஆடுகளும் சுகம். ஜோஹன்னஸ்பர்க்கில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இனி எழுதப்போவதில் சுகம் ஒன்றுமில்லை.

உன் மகள் பேஷன்ஸின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம், நான் வைத்த பெயர். மாப்பிள்ளை ட்ரைமோர் வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வந்து, தரையில் உட்கார்ந்து பணிவாகக் கைதட்டி வணங்கினார்கள், எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பையனின் சித்தப்பா சிப்ரியன் வாயைத் திறக்கும்வரை. அவர் பாதிரியாருக்குப் படித்துப் பாதியில் ஓடிவந்தவர், அந்தப் படிப்பில் மிச்சம் லத்தீன் மட்டும்தான். "சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. பேஷன்ஸ்னா பொறுமைன்னு ஊரே நினைக்குது. லத்தீன்ல அது பாட்சியென்ட்சியா. அதோட வேருக்குப் பாடுபடறதுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில கிடக்கிற பேஷண்டும் அதே வேர்தான். இப்படி ஒரு பேரோட மருமக வந்தா எங்க வீடு என்னத்துக்கு ஆகும்" என்றார்.

நானும் சும்மா இல்லை. ஐந்தாம் வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்காக இந்தச் சொல்லை எழுதித்தான் டீச்சர் எனக்குப் பரிசு கொடுத்தார், முதல் பேத்திக்கு இதுதான் பெயர் என்று அன்றைக்கே முடிவு செய்தவள் நான். "எங்க டீச்சருக்குத் தெரியாத லத்தீனா" என்றேன். "உங்களுக்குப் பாடம் எடுத்தாங்கள்ல, அவங்களும் பாடுபட்டிருப்பாங்க" என்கிறார் அந்த மனுஷன். ஹேப்பினஸ் என்று மாற்றச் சொல்கிறார், அதில் லத்தீனே கிடையாதாம். நான் முடியாது என்றேன். அடுத்த மாதமும் வந்தார்கள், மறுபடியும் லத்தீன், சட்ஸா களி ஆறிப்போனது, அறுத்த கோழி வீணாய்ப் போனது. கிணற்றடிப் பெண்கள் இப்போது, "என்ன அம்புயா, உங்க பேத்தி பாடு எப்படி இருக்கா" என்று விசாரிக்கிறார்கள். உன் மகளோ நிலக்கடலை உரித்துக்கொண்டே, "நீங்களும் அவரும் பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும் அம்புயா" என்கிறாள். மகனே, இரவும் பகலும் நெஞ்சு எரிகிறது. என் வீம்பால் அவள் வாழ்க்கை கெடவேண்டாம். நான் தோற்றேன். ஹேப்பினஸ் என்றே மாற்றிவிடு.

உன் கைகால் சுகமாக இருக்கட்டும், உன் வேலை நிலைக்கட்டும் என்று ஜெபிக்கும்,
அம்மா.

பி.கு.: பெயரை மாற்றாதே. கடிதத்தை மடிக்கும்போது வெளியே சத்தம். மாவு மில்லுக்குப் போவதாகச் சொன்ன பேஷன்ஸ் தன் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு நேரே ட்ரைமோர் வீட்டுக்கு வாழப் போய்விட்டாளாம். இந்தச் சேதி கொண்டுவருகிறவனுக்குப் பெண் வீட்டில் அடி நிச்சயம் என்பது உனக்கே தெரியும், அதனால் சிப்ரியனையே அனுப்பியிருக்கிறார்கள். மாட்டுப்பட்டிக்கு அந்தப்பக்கம் நின்று, "பொண்ணை வேற எங்கயும் தேடாதீங்க, எங்க வீட்டுல இருக்கா" என்று கத்திவிட்டு ஓடினார். நான் கம்போடு துரத்தினேன். "என் பேத்தியை அங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடறீங்க" என்று கேட்டேன். கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடியபடியே திரும்பிப் பார்த்து, "மருமகளைப் போய் யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா சம்பந்தியம்மா" என்றார்.